பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளை வாங்குவதும் பேணுவதும்

இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த ஒரு டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டுச் சுழற்றியை, கீழே இறக்குகிறவர் முதலில் கேட்பது, "மோட்டார் ஓடுமா?" என்பதுதான். அநேகமாக ஓடும். இவ்வகைக் கருவிகளில் மோட்டார் அரிதாகவே கெடுகிறது, கெடுபவை தொடுமுனைகள். உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களிலும், சுவிட்சுகளிலும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவியிலும், ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஷெல் பொருந்தும் வாயிலும் படியும் கருமைதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கருவியை அணுகினால் தேவையற்ற செலவையும், அதைவிட முக்கியமாக, தேவையற்ற பழுதுபார்ப்புகளையும் தவிர்க்கலாம்.

டைரக்ட் டிரைவ் என்பதன் பொருள் எளியது. பழைய கருவிகளில் வேகமாகச் சுழலும் மோட்டாரின் ஓட்டத்தை ஒரு ரப்பர் சக்கரமோ ரப்பர் பட்டையோ குறைத்துச் சுழல்தட்டுக்குக் கொண்டு சேர்த்தது. ரப்பர் இறுகும், வெடிக்கும், உருகி ஒட்டிக்கொள்ளும். டைரக்ட் டிரைவில் மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ அல்லது 45 சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுழல்கிறது. அதன் அச்சே சுழல்தட்டின் அச்சு. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்பி-10 இவ்வகையின் முன்னோடி. 1972இல் எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு தன் வேகத்தை ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்பைப் பெற்றது. இத்தொடரின் தயாரிப்பு 2010இல் நிறுத்தப்பட்டு 2016இல் மீண்டும் தொடங்கியது. என் வீட்டில் இருப்பது எம்கே2 என்பதால் இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை; ஆயினும் டெனான், சோனி, பயனியர், ஜேவிசி ஆகிய நிறுவனங்களின் அக்காலக் கருவிகளுக்கும் அடிப்படைகள் பொருந்தும்.

வாங்குவதற்கு முன்

மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகள் 100 வோல்ட்டில் இயங்குபவை. அதை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சில நிமிடங்களில் கருகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர், சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி என்ற நம்பிக்கையில் பின்புறத் தகட்டைப் படிக்காமலேயே செருகிவிட்டார். அது ஜப்பானில் வாங்கப்பட்டுச் சிங்கப்பூர் வழியாக வந்த கருவி. நாற்பது ஆண்டுகள் ஒரு குறையுமின்றி இருந்த பெட்டியிலிருந்து எழுந்த கருகல் வாடை இன்னும் என் நினைவில் இருக்கிறது. 100 வோல்ட் கருவி என்றால் 230ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 110 வோல்ட் வெளியீடு கொண்டதை வாங்கிச் சமாளிக்க வேண்டாம். எம்கே2 சுமார் 13 வாட் மட்டுமே எடுத்துக்கொள்வதால் 50 விஏ திறன் தாராளமாகப் போதும். சில ஏற்றுமதி மாதிரிகளில் சுழல்தட்டின் அடியில் மின்னழுத்தத் தேர்வுத் திருகு இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே செருகுங்கள்.

அடுத்தது வேகம். எம்கே2இன் சுழல்தட்டு விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள் உண்டு. இடப்புற முன்மூலையில் உள்ள சிவப்பு ஒளியில் அவற்றைப் பார்க்க வேண்டும். வேக நழுவி நடுவில் நிற்கும்போது பூஜ்யத்துக்குரிய வரிசை, அதாவது சற்றுப் பெரிய புள்ளிகள் கொண்ட வரிசை, ஆணியடித்தாற்போல் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல ஊர்ந்தாலோ முன்னும் பின்னும் தள்ளாடினாலோ குறை இருக்கிறது என்று பொருள். எம்கே2இல் இந்த ஒளியும் குவார்ட்ஸ் துடிப்பாலேயே மினுக்கப்படுகிறது. அதற்கு முந்தைய பல கருவிகளில் நியான் விளக்கு வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணையே நம்பியிருந்தது. ஆகவே அவற்றில் 50 ஹெர்ட்சுக்கும் 60 ஹெர்ட்சுக்கும் தனித்தனிப் புள்ளி வளையங்கள் இருக்கும். 50 ஹெர்ட்சில் நியான் விநாடிக்கு 100 முறை மினுக்குவதால் 33⅓ வேகத்துக்கு 180 புள்ளிகளும், 60 ஹெர்ட்சில் 216 புள்ளிகளும் தேவை. நம் ஊரில் 60 ஹெர்ட்ஸ் வளையத்தைப் பார்த்துக்கொண்டு வேகத்தைத் திருத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் பாட்டு கட்டையில் இறங்கிச் சோம்பலாக ஒலிக்கும்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் சுழல்தட்டு உடனே நிற்க வேண்டும். நின்றபின் பின்னோக்கி நகர்ந்தால் மின்பிரேக்கின் அளவைத் திருத்த வேண்டியிருக்கிறது. பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுழல்தட்டை விரலால் தள்ளிவிடுங்கள். ஓசையில்லாமல் பல சுற்றுகள் சுற்றி மெல்ல ஓய வேண்டும். காதை அருகில் வைத்துக் கேட்கும்போது அரைபடும் சத்தம் வந்தால் அச்சுக்குழியில் தேய்மானம் ஏற்பட்டிருக்கிறது. அத்தகைய கருவியை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஊசியைத் தட்டின்மேல் தாங்கிச் செல்லும் நீண்ட தண்டான டோன் ஆர்மைச் சோதிப்பதற்கு மென்மையான கை வேண்டும். ஹெட்ஷெல் பொருந்தும் வளையத்தருகே இரு விரல்களால் பிடித்து, மிக இலேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். தளர்வின் சிறு சொடுக்கை விரலில் உணர்ந்தால் ஆர்மின் தாங்கிகள் தளர்ந்திருக்கின்றன அல்லது அடிபட்டிருக்கின்றன. டிஜேக்கள் பயன்படுத்திய கருவிகளில் இது சாதாரணம். அவற்றில் வேக நழுவியும் தேய்ந்திருக்கும், ஆர்மும் அடி வாங்கியிருக்கும். ஆனால் மோட்டார் பெரும்பாலும் புதிதுபோல் இருக்கும். வீட்டில் மட்டும் வைத்திருந்த கருவிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதே என் பரிந்துரை.

தொடுமுனைகள்

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் விட்டுவிட்டுப் பாடுகிறது என்றால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பாருங்கள். ஹெட்ஷெல்லின் பின்முனையில் நான்கு சிறு உலோக முனைகள் உள்ளன. ஆர்மின் வாய்க்குள் அவற்றுக்கு எதிராக வில்லில் அழுந்தும் நான்கு முனைகள் உள்ளன. ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. சுவிட்சு போர்டில் 230 வோல்ட் சாதாரணமாகக் கடந்துவிடும் அழுக்கை இந்த மெல்லிய மின்குறியால் கடக்க முடியாது. அதிலும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த முனைகளை ஓரிரு ஆண்டுகளில் கறுக்க வைத்துவிடும்.

ஹெட்ஷெல் பக்கத்து முனைகளைப் பென்சில் அழிப்பானின் மூலையால் மெதுவாகத் தேய்த்து, உதிர்ந்த துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். ஆர்மின் வாய்க்குள் அழிப்பானைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே ஆல்கஹால் மட்டும் போதும், அதுவும் பஞ்சு சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. இந்த ஐந்து நிமிட வேலை எத்தனையோ "பழுதான" கருவிகளை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஒலிக்கம்பிகளின் செருகுமுனைகளான ஆர்சிஏ முனைகளையும் இதேபோல் துடைத்து, செருகியபின் இருமுறை திருகித் திருகிப் பொருத்துங்கள். எம்கே2இல் இந்தக் கம்பிகள் உள்ளேயே பற்றவைக்கப்பட்டுள்ளன. கம்பி வெளியே வரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தால் சால்டர் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்தான் அதை மாற்ற முடியும்.

வேக நழுவிதான் அதிகம் கெடுக்கப்படும் பாகம். எம்கே2இல் அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்தாற்போல் "டிக்" என்று நிற்கும். பச்சை விளக்கு எரியும். அப்போது குவார்ட்ஸ் பூட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. நழுவியை நகர்த்தும்போது வேகம் படிப்படியாக மாறாமல் குதித்தால் உள்ளே தூசியும் காய்ந்த கிரீசும் உள்ளன. என் கருவியைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தபோது, அவர்கள் துரு நீக்கும் ஸ்ப்ரேயை நழுவியின் பிளவுக்குள் அடித்துத் தந்தார்கள். அன்றைக்கு அது பட்டுப்போல் நகர்ந்தது. இரண்டு மாதங்களில் ஸ்ப்ரேயின் எண்ணெய்ப்பசையில் தூசி ஒட்டி, நழுவி மணலில் இழுப்பதுபோல் ஆகிவிட்டது. கடைசியில் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே நழுவிகளுக்கென்றே செய்யப்பட்ட, மசகும் கலந்த கான்டாக்ட் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். வெறும் கரைப்பானை அடித்தால் அழுக்கோடு உள்ளிருக்கும் கிரீசும் போய்விடும். அடித்தபின் நழுவியை முழு நீளத்துக்கும் இருபது முப்பது முறை நகர்த்தி, ஓரிரு மணி நேரம் உலரவிட்டு, அதன்பின் மின்சாரம் கொடுங்கள்.

எண்ணெய்

சுழல்தட்டைக் கழற்றும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ரப்பர் விரிப்பை எடுத்தால் இரண்டு துளைகள் தெரியும். அவற்றில் விரல்களை நுழைத்து, கட்டைவிரல்களால் நடு அச்சைக் கீழே அழுத்தியபடி நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுக்கக் கூடாது. சுழல்தட்டின் அடியில் வட்டமான பெரிய காந்தம் இருப்பதைக் காண்பீர்கள். மோட்டாரின் சுழலும் பகுதி அதுதான். திருகு, ஸ்டேப்ளர் முள், இரும்புத்தூள் எதுவும் ஒட்டாதபடி சுழல்தட்டைக் காந்தம் மேலே தெரியுமாறு சுத்தமான துணியின்மீது கவிழ்த்து வையுங்கள். ஒட்டிய ஒரு சிறு திருகு கீழிருக்கும் கம்பிச்சுருள்களில் உரசினால் அதன்பின் ஆகும் செலவு மிகப் பெரிது. டெனான் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும்: அவற்றில் பலவற்றின் சுழல்தட்டு உள்விளிம்பில் காந்தக் குறிகள் பதியப்பட்டிருக்கின்றன, ஒரு காந்தத் தலை அவற்றைப் படித்துத்தான் வேகத்தை அறிகிறது. அந்த விளிம்பருகே எந்தக் காந்தத்தையும் கொண்டுபோகக் கூடாது. தலையின் இடைவெளியையும் அசைக்கக் கூடாது.

எம்கே2க்கு ஏறக்குறைய 2,000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று துளி எண்ணெய் போதும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு அது இரண்டேமுக்கால் ஆண்டுக்கு ஒருமுறை. எண்ணெயை அச்சின் அடியில், அது குழிக்குள் நுழையும் இடத்தில் விட்டு, சுழல்தட்டை மாட்டிக் கையால் சில சுற்றுகள் சுற்றுங்கள். எந்த எண்ணெய் என்பதில் நம் வீடுகளின் பழக்கம் ஆபத்தானது. கதவுக் கீலுக்கும் சைக்கிளுக்கும் தேங்காய் எண்ணெய் விடும் கை இதற்கும் நீள்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். ஏசி அறையில் அது மெழுகாகி, பின்னர் பிசினாகும். அப்படி உறைந்த ஓர் அச்சுக்குழியைத் திறந்து பார்த்திருக்கிறேன்: பழுப்பு நிறத்தில், நெய்க்கிண்ணத்தின் அடியைப் போல் இருந்தது. துரு நீக்கும் ஸ்ப்ரேக்களும் வேண்டாம். டர்ன்டேபிள் அச்சுக்கென்று விற்கப்படும் மெல்லிய எண்ணெயை ஒரு சிறு புட்டி வாங்கி வைத்தால் ஆயுளுக்கும் வரும்.

ஆர்மும் ஊசியும்

கருவி எவ்வளவு நல்லதானாலும் ஊசி தவறாக அமைந்தால் இசைத்தட்டு கெடும். கருவியைவிடத் தட்டை மீட்பது கடினம் என்பதால் இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. முதலில் கருவியை நீர்மட்டம் பார்த்து நிறுத்துங்கள். பாதங்களைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். கார்ட்ரிட்ஜின் நான்கு கம்பிகளில் வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்தின் நேர், எதிர் முனைகள்; சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்தின் நேர், எதிர் முனைகள். டெக்னிக்ஸ் ஆர்மில், ஹெட்ஷெல் ஆர்மோடு சேரும் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மில்லிமீட்டர் இருக்கும்படி கார்ட்ரிட்ஜை நகர்த்தித் திருகுகளை இறுக்க வேண்டும். சாதாரண அளவுகோலால் அளந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடலாம்.

அடுத்து எடை. ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசியின் மூடியை அகற்றி, ஆர்மைக் கொக்கியிலிருந்து விடுவித்து, பின்புற எடையைத் திருகித் திருகி, ஆர்ம் தராசுமுள்போல் காற்றில் கிடைமட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்நிலையில் எடையை அசைக்காமல், அதன்மேலுள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி வேண்டிய அளவை அமையுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு அது 2 கிராம். ஆர்ட்டஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஆன்ட்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்பது பலரின் நம்பிக்கை, ஆனால் உண்மை அதற்கு நேர்மாறு: போதிய எடையில்லாத ஊசி வரிப்பள்ளத்தின் சுவர்களுக்கிடையே துள்ளி மோதி, உரத்த இடங்களில் அவற்றைச் சிதைத்துவிடும். குறித்த எல்லைக்குள், மேல்பாதியில் இருப்பதே பாதுகாப்பு.

இவ்வாறு மிதக்கவிடும்போது ஆர்மைத் தட்டுக்கு நேர்மேலே மெல்ல ஊதிப் பாருங்கள். ஆர்ம் இயல்பாக ஆடி அமைந்தால் தாங்கிகள் நலம். ஓரிடத்தில் சிக்கி நின்றால் தாங்கியில் தூசியோ சேதமோ இருக்கிறது. அதன் திருகுகளை நீங்களே இறுக்க முயல வேண்டாம்.

ஊசிக்கு ஆயுள் உண்டு. விஎம்95இயின் நீள்வட்ட ஊசிக்கு அதன் தயாரிப்பாளர் சொல்வது 300 மணி நேரம். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று கொண்டால் 900 பக்கங்கள். பழைய கருவியோடு வரும் ஊசி எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதைக் கொண்டு ஒரு தட்டுகூடக் கேட்காமல் புதிய ஊசி போடுங்கள். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று அப்பெயரில் மலிவாக விற்கப்படும் ஊசிகளை ஐயத்தோடு பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்து அரக்குத் தட்டுகள் பெரும்பாலும் 78 வேகத்துக்கானவை. அவற்றின் வரி அகலமானது, அதற்கு வேறு ஊசி வேண்டும். எம்கே2இல் 78 வேகமே இல்லை. அத்தட்டுகளை ஆல்கஹாலால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

இரைச்சலும் மின்சுற்றும்

ம்ம்ம் என்ற இடைவிடாத இரைச்சல் வந்தால் ஆர்சிஏ கம்பிகளோடு வரும் மெல்லிய மண்கம்பியை (எர்த் கம்பியை), கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபயரின் மண்திருகில் இறுக்குங்கள். பத்தில் எட்டு வீடுகளில் அந்தக் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்றே என் அனுபவம் சொல்கிறது. அதன்பிறகும் இரைந்தால் வீட்டின் எர்த்திங்கைச் சோதியுங்கள். பழைய கருவியை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகினால் ஒலி மெலிந்தும் தாழ்வொலி இல்லாமலும் கேட்கும்; ஃபோனோ உள்ளீடு அல்லது தனி ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம் தேவை.

நாற்பது ஆண்டுகள் கடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்து அளவு குறைகின்றன. இயக்கியவுடன் தடுமாறி, அரைமணி கழித்துச் சரியாகும் கருவிக்கு அதுவோ, வெடித்த சால்டர் இணைப்போ காரணமாக இருக்கலாம். மின்சுற்றில் பழக்கமுள்ளவருக்கு இவற்றை மாற்றுவது ஒரு மாலை வேலை. சென்னையில் ரிச்சி தெருவில் எல்லா அளவுகளும் கிடைக்கும். பழக்கமில்லாதவர் கருவியின் உள்மூடியைத் திறக்கக் கூடாது. எம்கே2இல் சுழல்தட்டுக்குக் கீழுள்ள மூடிக்கடியில்தான் 230 வோல்ட் வந்து சேர்கிறது. கட்டுப்பாடில்லாமல் வெறிபிடித்தாற்போல் வேகமெடுக்கும் கருவியையும் உடனே நிறுத்தித் திறமையானவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, எந்தப் பாகம் மாற்றப்பட்டாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்னரே சொல்லிவையுங்கள். உள்ளிருக்கும் சிறு திருகிகளைத் தொட்டு "வேகத்தைச் சரிசெய்து தருகிறேன்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். குவார்ட்ஸ் பூட்டுள்ள கருவியில் வேகம் தானே விலகுவதில்லை, விலகினால் வேறெங்கோ கோளாறு.

வழக்கமாகச் செய்ய வேண்டியவை சில. தூசி படியாமல் காக்கும் மேல்மூடியை ஈரமான மென்துணியால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹால் பட்டால் அதில் நுண்வெடிப்புகள் விழும். ரப்பர் விரிப்பை மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். ஊசியைப் பின்னிருந்து முன்னோக்கி மட்டுமே தூரிகையால் துலக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது கருவியை ஓட்டி, எல்லாப் பொத்தான்களையும் நழுவியையும் இயக்குங்கள்; அந்த அசைவே தொடுமுனைகளைத் துலக்கிவிடும்.

வீடு மாற்றும்போது மட்டும் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் இந்தக் கருவிகள் அதிகம் சாகும் இடம் லாரியே. ஹெட்ஷெல்லையும் பின்புற எடையையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். ஆர்மைக் கொக்கியில் பூட்டி, மேலே ஒரு மெல்லிய நாடாவால் கட்டுங்கள். சுழல்தட்டை எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். அதை மாட்டியபடியே அனுப்பினால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறக்குறைய 2 கிலோ எடை அந்த மெல்லிய அச்சின்மீது மோதும். மூடியையும் கீல்களிலிருந்து உருவிவிடுங்கள். முடிந்தால் உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு காரில் கொண்டுபோங்கள்.